பங்கு, ஃபண்ட் முதலீட்டுக்கு எந்தக் கணக்கு ஏற்றது? புதிய வரி முறையில் மாறிய கணக்கு: ஓர் அலசல்

மைசூரு: மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலை வழியாக மைசூரு நோக்கிச் செல்லும் சாலையில், தமிழ்நாடும் கர்நாடகமும் பாலாற்றில் பிரிகின்றன. பாலத்தைக் கடந்தால் பெட்ரோல் விலை மாறும். வாகன வரி மாறும். சம்பளத்தில் பிடிக்கப்படும் தொழில் வரியின் விதிகளும் மாறும். ஆனால், பங்குகளிலும் மியூச்சுவல் ஃபண்டுகளிலும் ஈட்டும் ஆதாயத்துக்கான வரி இரு கரைகளிலும் ஒன்றுதான். வருமான வரி மத்திய அரசுக்கு உரியது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டிருந்த பங்குப் பரிவர்த்தனை முத்திரைத் தீர்வையும் 2020 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒரே விகிதமாக்கப்பட்டுவிட்டது.

எனவே, ஒரு முதலீட்டாளர் செலுத்தும் வரி அவர் வசிக்கும் ஊரைப் பொறுத்து அமைவதில்லை. எந்த வரி முறையைத் தேர்வு செய்கிறார், எவ்வளவு காலம் முதலீட்டை வைத்திருக்கிறார், யாருடைய பெயரில் வைத்திருக்கிறார் ஆகிய மூன்றுமே அதை முடிவு செய்கின்றன.

2025-26 நிதியாண்டு மார்ச் 31-ஆம் தேதியுடன் நிறைவடைகிறது. மறுநாள் முதல் 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக, வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருகிறது. பலருக்கும் மனப்பாடமான '80சி' பிரிவு புதிய சட்டத்தில் 123-ஆவது பிரிவாகிறது. பிரிவு எண்ணைக் காட்டிலும் பெரிய மாற்றம் ஒன்று முன்னரே நிகழ்ந்துவிட்டது. முதலீடு செய்யும்போது கிடைத்துவந்த வரிச் சலுகை, பெரும்பாலான சம்பளதாரர்களுக்கு இப்போது பயனற்றதாகிவிட்டது. அதை அறியாமல் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் 'வரி சேமிப்பு' முதலீடு செய்வோர் இன்னும் உள்ளனர்.

தனிக் கணக்கு இல்லாத நாடு

பிரிட்டனில் 1999 ஏப்ரல் முதல் ஐ.எஸ்.ஏ. எனப்படும் தனிநபர் சேமிப்புக் கணக்கு நடைமுறையில் உள்ளது. அதில் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை செலுத்தி, பங்குகளிலும் ஃபண்டுகளிலும் முதலீடு செய்யலாம். அந்தக் கணக்குக்குள் கிடைக்கும் ஆதாயத்துக்கும் ஈவுத்தொகைக்கும் வரி கிடையாது. கனடா 2009-இல் வரியற்ற சேமிப்புக் கணக்கைத் தொடங்கியது. ஜப்பான் 2014-இல் தொடங்கிய 'நிசா' கணக்கை 2024 ஜனவரியில் விரிவுபடுத்தி நிரந்தரமாக்கியது. இதில் ஒருவர் வாழ்நாளில் 1.8 கோடி யென் வரை முதலீடு செய்யலாம்.

இந்தியாவில் இத்தகைய தனிக் கணக்கு இல்லை. எந்தத் தரகு நிறுவனத்தில் டீமேட் கணக்கு தொடங்கினாலும் வரி ஒன்றே. புதிய முதலீட்டாளர்களை ஈர்க்க 2012-13 பட்ஜெட்டில் ராஜீவ் காந்தி பங்குச் சேமிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதன்முறையாகப் பங்குச்சந்தைக்கு வருவோர் ரூ.50,000 வரை முதலீடு செய்தால் அதில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அது அனுமதித்தது. விதிகள் சிக்கலாக இருந்ததால் பரவலான வரவேற்பைப் பெறாத அத்திட்டத்தின் சலுகை, 2017-18 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது.

இன்று வரிச் சலுகை ஒரே கணக்கில் திரண்டு நிற்காமல், இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டு, தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்., பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப்., யூலிப் காப்பீடு, சாதாரண டீமேட் கணக்கு என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றுள் எது யாருக்குப் பயன்படும் என்பதைப் பிரித்தறிவதே முதலீட்டாளர் முன்னுள்ள வேலை.

மார்ச் மாத வழக்கம் யாருக்குப் பயன்?

2020 பட்ஜெட்டில் அறிமுகமான புதிய வரி முறை, 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாக்கப்பட்டது. பழைய முறை வேண்டும் என்று கேட்டுப் பெறாதவர்கள் அனைவரும் புதிய முறையிலேயே கணக்கிடப்படுவர். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு, 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி கணக்குகளில் 5.27 கோடி, அதாவது சுமார் 72 சதவீதம், புதிய முறையில் தாக்கலானவை.

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட், இந்த முறையை மேலும் ஈர்ப்புடையதாக்கியது. ரூ.4 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. ரூ.12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு ரூ.60,000 வரை வரித் தள்ளுபடி உண்டு. சம்பளதாரர்களுக்கான ரூ.75,000 நிலையான கழிவையும் சேர்த்தால், ரூ.12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வரி கிடையாது.

புதிய முறையில் 80சி கழிவு இல்லை. ஆகவே, ஆண்டுக்கு ரூ.10 லட்சம் சம்பளம் பெறும் ஒருவர் ரூ.1.5 லட்சத்தை இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டில் போட்டாலும், போடாவிட்டாலும் அவரது சம்பள வரி பூஜ்யமே. ஆனால், போட்ட பணம் மூன்று ஆண்டுகளுக்கு முடங்கும். மாதாந்திர எஸ்.ஐ.பி. முறையில் செலுத்தினால், ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே மூன்று ஆண்டுகள் கணக்கிடப்படும். மருத்துவச் செலவோ பள்ளிக் கட்டணமோ வந்தால் அந்தப் பணத்தை எடுக்க இயலாது. அதே பங்குகளில் முதலீடு செய்யும் சாதாரண பங்கு ஃபண்டுக்கும், குறியீட்டு ஃபண்டுக்கும் விற்பனையின்போது விதிக்கப்படும் வரி இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டுக்கு உரியதே. புதிய முறையில் உள்ளவர் இ.எல்.எஸ்.எஸ். வாங்குவதால் பெறும் வரிப் பயன் ஏதுமில்லை.

பழைய முறை யாருக்கு ஏற்றது?

ரூ.15 லட்சம் சம்பளம் பெறுபவரை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் நிலையான கழிவு போக ரூ.14.25 லட்சத்துக்கு வரி ரூ.93,750. 4 சதவீத செஸ் சேர்த்தால் ரூ.97,500. பழைய முறையில் இதே வரி வர வேண்டுமானால், வரிக்குரிய வருமானம் சுமார் ரூ.9.06 லட்சமாகக் குறைய வேண்டும். அதற்கு, ரூ.50,000 நிலையான கழிவு தவிர, மேலும் ஏறக்குறைய ரூ.5.44 லட்சம் கழிவு காட்ட வேண்டும்.

80சி-யில் ரூ.1.5 லட்சம், என்.பி.எஸ். கூடுதல் கழிவு ரூ.50,000, வீட்டுக் கடன் வட்டி ரூ.2 லட்சம், மருத்துவக் காப்பீடு ரூ.25,000 ஆகிய அனைத்தையும் முழுமையாகப் பயன்படுத்தினாலும் ரூ.4.25 லட்சம்தான் வருகிறது. வீட்டு வாடகைப் படிக்கான விலக்காக இன்னும் ரூ.1.19 லட்சம் இருந்தால்தான் இரு முறைகளும் சமமாகும். வீட்டுக் கடனும் வாடகைப் படியும் ஒருங்கே உள்ள சிலருக்கு மட்டுமே பழைய முறை இலாபகரமானது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அத்தகையவர்களுக்கு இ.எல்.எஸ்.எஸ். இன்றும் பொருத்தமான கருவியே. 80சி-யின் கீழ் வரும் கருவிகளுள் குறைந்த முடக்க காலம் கொண்டவற்றில் அதுவும் ஒன்று.

தொழில் வருமானம் இல்லாத சம்பளதாரர்கள் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர்கள் புதிய முறையிலிருந்து வெளியேறினால், ஒருமுறை மட்டுமே திரும்பி வர முடியும். பங்குச்சந்தையில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வருமானம் மூலதன ஆதாயமாகக் கருதப்படாமல், தொழில் வருமானமாகவே கணக்கிடப்படுகிறது.

விற்கும்போது வரும் வரி

முதலீட்டின்போது கழிவு கிடைக்காத நிலையில், விற்பனையின்போது எவ்வளவு வரி என்பதே முக்கியக் கேள்வியாகிறது. 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதங்கள் மாற்றப்பட்டன. பட்டியலிடப்பட்ட பங்குகளையும் பங்கு சார்ந்த ஃபண்டுகளையும் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், அது நீண்டகால மூலதன ஆதாயம். அதில் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 12.5 சதவீதம் வரி. 12 மாதங்களுக்குள் விற்றால் குறுகியகால ஆதாயம். அதற்கு 20 சதவீதம் வரி. முன்னர் இவை முறையே 10 சதவீதமாகவும் 15 சதவீதமாகவும் இருந்தன.

2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கிய பங்குகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அந்த நாள் வரை ஏற்பட்ட ஆதாயத்துக்கு வரி கிடையாது. பழைய பங்குகளை வைத்திருப்போர் விற்பதற்கு முன் அந்நாளின் விலையைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

கடன் ஃபண்டுகளின் நிலை வேறு. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கியவற்றுக்கு, எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும், ஆதாயம் வருமானத்துடன் சேர்க்கப்பட்டு அவரவர் வரி அடுக்குக்கு ஏற்ப வரி விதிக்கப்படும். ஈவுத்தொகையும் 2020 ஏப்ரல் முதல் இவ்வாறே வருமானத்துடன் சேர்க்கப்படுகிறது. வரி அடுக்கு உயர்வாக உள்ளவர்களுக்கு, ஈவுத்தொகை வழங்கும் ஃபண்டைவிட வளர்ச்சித் திட்டம் ஏற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ரூ.12 லட்சம் வரை வரி இல்லை என்ற செய்தியில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. புதிய முறையில் வழங்கப்படும் வரித் தள்ளுபடி, சிறப்பு விகிதத்தில் வரி விதிக்கப்படும் பங்கு ஆதாயங்களுக்குப் பொருந்தாது என்று 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் தெளிவுபடுத்தியுள்ளது.

எடுத்துக்காட்டாக, ரூ.9 லட்சம் சம்பளம் பெறும் ஒருவருக்குச் சம்பளத்தின் மீது வரி இல்லை. அவர் வங்கி வைப்புத் தொகையில் ரூ.50,000 வட்டி பெற்றாலும் தள்ளுபடியால் வரி இல்லை. ஆனால், ஆறு மாதம் வைத்திருந்த பங்குகளை விற்று அதே ரூ.50,000 இலாபம் பெற்றால், செஸ் உட்பட ரூ.10,400 செலுத்த வேண்டும். அதே பங்குகளை 12 மாதங்கள் கடந்த பின் விற்றிருந்தால், ரூ.1.25 லட்சம் வரம்புக்குள் அடங்கி வரி பூஜ்யமாகியிருக்கும். நடுத்தர வருவாய்ப் பிரிவினருக்கு, எந்தக் கணக்கு என்பதைவிட எத்தனை மாதம் என்பதே வரியை முடிவு செய்கிறது.

ஆண்டுதோறும் கிடைக்கும் ரூ.1.25 லட்சம்

இந்த ரூ.1.25 லட்சம் விலக்கு ஒவ்வொரு நிதியாண்டுக்கும் உரியது. பயன்படுத்தாமல் விட்ட வரம்பு அடுத்த ஆண்டுக்குச் சேராது. நீண்டகால முதலீட்டாளர்கள் ஆண்டுதோறும் மார்ச் மாதத்துக்குள், அந்த வரம்பளவு ஆதாயம் வரும்படி சில யூனிட்களை விற்று, அதே பணத்தை மீண்டும் முதலீடு செய்வதற்குச் சட்டத்தில் தடையில்லை. அப்போது வாங்கிய விலை புதுப்பிக்கப்படும். பிற்காலத்தில் வரிக்குரிய ஆதாயம் குறையும்.

ஐந்து ஆண்டுகளில் ரூ.6.25 லட்சம் நீண்டகால ஆதாயம் சேர்ந்த ஒருவர், அதை ஒரே ஆண்டில் விற்றால் ரூ.5 லட்சத்துக்கு வரி செலுத்த வேண்டும். செஸ் உட்பட அது ரூ.65,000. ஆண்டுக்கு ரூ.1.25 லட்சமாகப் பிரித்து விற்றவருக்கு வரி இல்லை.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. மீண்டும் வாங்கிய யூனிட்களுக்கு 12 மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கும். முதலில் வாங்கியவையே முதலில் விற்றதாகக் கணக்கிடப்படும். பங்குகளாயின், வாங்கும்போதும் விற்கும்போதும் தலா 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரியும், தரகுக் கட்டணமும் உண்டு. ஆதாயம் சிறிதாயின் செலவு மிஞ்சிவிடக்கூடும்.

நட்டத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. குறுகியகால நட்டத்தை இருவகை ஆதாயத்திலும் கழித்துக்கொள்ளலாம். நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். எஞ்சிய நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். ஆனால், வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு வரி இல்லை என்பதால் கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் இந்த உரிமையை இழக்கின்றனர்.

குடும்பத்தில் யார் பெயரில்?

வேறு வருமானம் இல்லாத குடும்பத் தலைவி ஒருவர், தமக்குச் சொந்தமான பணத்தில் வாங்கிய ஃபண்டை விற்று ரூ.5 லட்சம் நீண்டகால ஆதாயம் பெற்றால், விலக்கு போக ரூ.3.75 லட்சமே வரிக்குரியது. இந்தியாவில் வசிப்பவர் என்பதால், அது ரூ.4 லட்சம் அடிப்படை வரம்புக்குள் அடங்கிவிடும், வரி இல்லை.

அந்தப் பணம் கணவர் கொடுத்த அன்பளிப்பாக இருந்தால் கணக்கு மாறிவிடும். அதில் வரும் வருமானத்தைக் கணவரின் வருமானத்துடன் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். மைனர் குழந்தைகளின் பெயரில் செய்யும் முதலீட்டுக்கும் இதுவே பொருந்தும். பெற்றோருக்கோ, 18 வயது நிறைந்த பிள்ளைகளுக்கோ கொடுக்கும் பணத்துக்கு இந்தச் சேர்ப்பு விதி இல்லை. ஆனால், கொடுத்த பணம் சட்டப்படி அவர்களுடையதாகிவிடும் என்பதை மறத்தல் ஆகாது.

என்.பி.எஸ்., பி.பி.எஃப்., யூலிப்

புதிய முறையில் எஞ்சியுள்ள முக்கியக் கழிவு, ஊழியரின் என்.பி.எஸ். கணக்கில் நிறுவனம் செலுத்தும் தொகைக்கானது. 2024 ஜூலை பட்ஜெட்டுக்குப் பின், அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 14 சதவீதம் வரை தனியார் ஊழியர்களுக்கும் இது அனுமதிக்கப்படுகிறது. அகவிலைப்படி இன்றி ரூ.50,000 அடிப்படை ஊதியம் பெறுபவருக்கு ஆண்டுக்கு ரூ.84,000 வரை இவ்வாறு கழியும். ஊதிய அமைப்பில் இதைச் சேர்க்க நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். ரூ.12.75 லட்சத்துக்கு மேல் ஊதியம் பெறுவோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். முதிர்வின்போது 60 சதவீதம் வரை வரியின்றிப் பெறலாம். ஓய்வூதியமாக வரும் தொகைக்கு வரி உண்டு. ஓய்வுக்காலம் வரை பணத்தை எடுப்பதில் கட்டுப்பாடுகளும் உள்ளன.

பி.பி.எஃப். பங்கு முதலீடு அன்று. எனினும், கடன் ஃபண்டுகள் வரிச் சலுகையை இழந்த பின், பாதுகாப்பான பகுதிக்கு அதன் மதிப்பு கூடியிருக்கிறது. புதிய முறையில் செலுத்தும் தொகைக்குக் கழிவு இல்லாவிட்டாலும், வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. முதிர்வுக் காலம் 15 ஆண்டுகள். ஆண்டு உச்சவரம்பு ரூ.1.5 லட்சம்.

யூலிப் திட்டங்களை 'வரியற்ற பங்கு முதலீடு' என்று விற்பனை முகவர்கள் கூறுவதுண்டு. 2021 பிப்ரவரி 1 முதல் வாங்கியவற்றில், ஆண்டுப் பிரீமியம் மொத்தம் ரூ.2.5 லட்சத்தைத் தாண்டினால் முதிர்வுத் தொகைக்கான விலக்கு இல்லை. வரம்புக்குள் இருந்தாலும் காப்பீட்டுக் கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் முதலீட்டிலிருந்தே எடுக்கப்படும்.

வரியைக் காட்டிலும் பெரிய செலவு

வரியைக் குறித்துக் கவலைப்படும் அளவுக்குக் கட்டணத்தைக் குறித்து முதலீட்டாளர்கள் கவலைப்படுவதில்லை. ரூ.1 லட்சம் ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்வதாகக் கொண்டால், 20 ஆண்டுகளில் சுமார் ரூ.8.06 லட்சமாகும். ஆண்டுதோறும் 1 சதவீதம் கூடுதல் கட்டணம் போய் 10 சதவீதமே கிடைத்தால் சுமார் ரூ.6.73 லட்சம்தான். இழப்பு ரூ.1.33 லட்சம். முதல் முதலீட்டை மொத்தமாக ஒரே ஆண்டில் விற்றால் வரும் வரியோ செஸ் உட்பட சுமார் ரூ.75,600 மட்டுமே. இவை விளக்கத்துக்கான கணக்குகளே. எந்த ஃபண்டும் இந்த வருவாயை உறுதியளிப்பதில்லை.

2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஃபண்டிலும் இடைத்தரகர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் உள்ளது. ஆலோசனை தேவைப்படாதவர்கள் அதைத் தேர்வு செய்யலாம். சிறு முதலீட்டாளர்களுக்கு அடிப்படைச் சேவை டீமேட் கணக்கும் உண்டு. செபியின் விதிப்படி 2024 செப்டம்பர் முதல், இதில் ரூ.4 லட்சம் வரையிலான இருப்புக்குப் பராமரிப்புக் கட்டணம் இல்லை, ரூ.10 லட்சம் வரை ஆண்டுக்கு ரூ.100. ஒரே உரிமையாளராக ஒரு டீமேட் கணக்கு மட்டும் வைத்திருப்போருக்கே இது பொருந்தும்.

மார்ச் 31-க்குள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அலுவலகத்தில் எந்த வரி முறை பதிவாகியுள்ளது என்பதை உறுதி செய்ய வேண்டும். புதிய முறையாயின், வரிக்காக மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் இ.எல்.எஸ்.எஸ். எஸ்.ஐ.பி.-யை நிறுத்தி, அதே தொகையை முடக்கமற்ற ஃபண்டுக்கு மாற்றலாம். முன்பு செலுத்திய தவணைகள் மூன்றாண்டு முடியும் வரை அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவதாக, 12 மாதம் நிறைந்த முதலீடுகளின் ஆதாயத்தைக் கணக்கிட்டு, ரூ.1.25 லட்சம் வரம்பில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பார்க்க வேண்டும். விற்பனை ஆணை மார்ச் 31-க்குள் நிறைவேற வேண்டும் என்பதால், கடைசி நாள் வரை காத்திருப்பது உசிதமன்று. 11 மாதம் கடந்த பங்குகளை அவசரமின்றி விற்பதைத் தவிர்க்கலாம்.

மூன்றாவதாக, நிறுவனம் என்.பி.எஸ். பங்களிப்பு வசதி தருகிறதா என்று மனிதவளப் பிரிவிடம் ஏப்ரல் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். ஆண்டின் இடையில் ஊதிய அமைப்பை மாற்றப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

பங்குகளிலும் ஃபண்டுகளிலும் செய்யும் முதலீடு சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது. மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை, எவ்வளவு வரிச் சலுகை இருந்தாலும், அவற்றில் வைப்பது பொருத்தமன்று. பெரிய தொகையை விற்பதற்கு முன், தங்கள் வருமான நிலையைக் கணக்குத் தணிக்கையாளரிடம் காட்டி ஆலோசனை பெறுவது நலம்.